வெள்ளரிக்கு அடியில் பனி

யாகூட்ஸ்கில் மே மாதக் கடைசி.
லேனா நதி இன்னும் உடைந்த பாளங்களைக்
கரையில் தள்ளிக்கொண்டிருக்கிறது.
நான் கவ்ரீலின் குதிரைக் கொட்டடியிலிருந்து
ஏழு தள்ளுவண்டிச் சாணம் கொண்டுவந்துவிட்டேன்.
காசு வேண்டாமென்றான்.
முதல் வெள்ளரி தனக்கென்றான்.
முதலாவதை எவளும் தரமாட்டாள், தெரிந்துதான் கேட்டான்.

பலகை அடித்து இடுப்பளவு பெட்டி.
அதில் சாணம், வைக்கோல், மறுபடி சாணம்,
மேலே ஒரு சாண் மண்.
எல்லாவற்றுக்கும் கீழே,
மண்வெட்டி டங்கென்று நின்றுவிடும் ஆழத்தில்,
மாமூத் செத்த காலத்திலிருந்து உருகாத பனி.
அதன்மேல்தான் எங்கள் வீடுகள் கால் தூக்கி நிற்கின்றன.
அதன்மேல்தான் வெள்ளரியும்.

மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டேன்.
முழங்கை வரை சுட்டது,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.
நல்லது, என்றேன் சத்தமாக,
யாருமில்லாத கண்ணாடிக் கூண்டுக்குள்.

ஜூனில் இங்கே இருட்டுவதில்லை.
கொடிக்கு அது தெரிகிறது.
எட்டாம் எண் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
இரவு பதினொன்றுக்கு வருவேன்;
காலையில் கயிற்றின் இரண்டாம் முடிச்சில் இருந்தது
நாலாவதைப் பிடித்திருக்கும்.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதெல்லாம்
தூங்குகிற செடிகளுக்கு.

பக்கத்துத் தோட்டத்து அகுலினா
வேலிக்கு மேலே நீல உப்புப் பொட்டலம் நீட்டினாள்.
"ஒரு கரண்டி போதும், துயாரா. வாரத்தில் காய்."
பதிலுக்கு நான் காஞ்சொறி ஊறிக்கொண்டிருந்த
வாளியின் மூடியைத் திறந்து காட்டினேன்.
அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதுதான்
அந்தக் கோடையின் பெரிய சிரிப்பு.

ஜூலையில் முப்பத்தைந்து டிகிரி. அப்புறம் புகை.
எங்கோ காடு எரிகிறது.
சூரியன் செப்புக்காசாகிக் கூரையில் ஒட்டிக்கொண்டது.
பேருந்தில் எல்லோருக்கும் முகமூடி;
காசு நீட்டும் கையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன்.
தேனீ ஒன்றுகூட வரவில்லை.
பூக்கள் மஞ்சளாய்த் திறந்து, காத்திருந்து,
போணியாகாத கடைபோல
சாயங்காலம் சாத்திக்கொண்டன.

மகளின் கண்மைத் தூரிகையை எடுத்தேன்.
(கேட்காமல். பின்னால் சண்டை வந்தது.)
ஆண்பூவில் தொட்டு, பெண்பூவில் தொட்டு,
இருமிக்கொண்டே
நாற்பத்தொரு கல்யாணம் நடத்திவைத்தேன்.
ஒட்டியது பதினாறு.

ஆகஸ்ட் இருபதில் காற்று திடீரென்று சுத்தமானது.
நட்சத்திரம் தெரிந்தது,
மூன்று மாதத்துக்கு அப்புறம் முதலாவது.
அழகு என்று நினைத்த கையோடு வயிறு பகீரென்றது:
தெளிந்த வானம், அசையாத இலை,
சாணம் ஆறி ஆறு வாரம்.

போர்வைகள் தக்காளிக்குப் போயின.
மேஜைவிரிப்பு பூசணிக்கு.
வெள்ளரிக்கு ஒன்றுமில்லை.
கயிற்றை அறுத்துக் கொடியைப் படுக்கவைத்துவிட்டு
உள்ளே ஓடி, அந்துருண்டைகளுக்கு நடுவே
தூங்கிக்கொண்டிருந்த என் ரோமக்கோட்டை உருவிவந்தேன்.
போர்த்தி, பொத்தானும் மாட்டினேன்.

காலையில் அகுலினாவின் உருளைக்கிழங்குச் செடிகள் கறுத்துக் கிடந்தன.
இந்தப்பக்கம் என் பூசணியும்தான்.
உப்பு தின்றதும் ஊறல் குடித்ததும்
உறைபனிக்கு ஒரே ருசி.
கோட்டைத் திறந்தேன்.
ஒன்பது வெள்ளரி, உடம்புச் சூட்டோடு.
யாருடைய உடம்பு என்று தெரியவில்லை.

அப்புறம் ஆறு ராத்திரி அதே கோட்டு.

கவ்ரீலுக்கு ஒன்று கொடுத்தேன்.
முதலாவது இதுதானா என்றான்.
ஆமாம் என்றேன்.
நறுக்கென்று கடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

ஜனவரி. மைனஸ் ஐம்பத்திரண்டு.
பணிமனை வாசலில், இன்ஜின் சூடேறக் காத்து நிற்கிறேன்.
விட்ட மூச்சு விட்ட இடத்திலேயே உறைகிறது.
மேல்பொத்தானைத் தேடும் விரலில் ஏதோ தட்டுகிறது:
காய்ந்த பற்றுக்கம்பி ஒன்று,
பொத்தான் நூலை மூன்று சுற்றுச் சுற்றி,
இன்னும் விடாமல்.